ஆறாவது கட்டம்

எடை மெஷினில் யாரும் ஏறியிருக்கவில்லை. ஆனாலும் அது நாற்பத்தொன்று என்று காட்டிக்கொண்டிருந்தது.

பரிமளா அதைக் காலால் தட்டினாள். பூஜ்யத்துக்கு வந்தது. மலைக்குளிர் பேட்டரிக்கு ஒத்துக்கொள்ளாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். ஆனால் அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். இருசாயியின் எடை அது.

வளப்பூர் நாடு என்கிற மலையூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரையைச் சோதிக்கும் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் பாதியில் கழன்றுகொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் பரிமளாவின் வேலை. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வருவாள். நாற்பது பேரைச் சேர்த்தாள், ஒருவர்கூட விலகவில்லை. மேலதிகாரிகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் மைப்பெட்டிக்குள் இருந்தது. ஆறு தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் படிவத்தில் ஒரு கைரேகை வைக்க வேண்டும் என்பது விதி. காட்டு வேலை இருக்கிறவர்களை யார் தேடித் தேடிப் பிடிப்பது? முதல் நாளே ஆறு கட்டத்திலும் கட்டைவிரலை உருட்டி வாங்கிவிட்டாள். தேதியையும் எடையையும் பிறகு எழுதிக்கொள்ளலாம். இருசாயி சாகும்வரை அது அவளுக்குத் தப்பாகவே படவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோதே இருசாயி சொன்னாள்.

"தலை கிறுகிறுங்குதுங்க கண்ணு. மாத்திரைய நிறுத்திக்கறனுங்க."

"பாதியில நின்னா எப்படீங்க்கா? கடைசி வரைக்கும் வாரேன்னு கையடிச்சுக் குடுங்க."

இருசாயி தயங்கினாள். பிறகு பரிமளாவின் உள்ளங்கையில் மெல்ல அடித்தாள். கையடித்துக் கொடுத்தால் மாறாத மனுஷி. பரிமளாவுக்கு அது தெரியும், தெரிந்துதான் கேட்டாள். அதற்குப் பதினோராம் நாள், மிளகு பறிக்க ஏணி ஏறிய இருசாயி தலை சுற்றிக் கீழே விழுந்து செத்துப்போனாள்.

அதைப் பரிமளா எழுதவில்லை. எழுதினால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். படிவத்தில் நான்காவது கைரேகை தயாராக இருந்தது. 'எடை 41. நலம்.' ஐந்தாவதும் இருந்தது. 'எடை 41. நலம்.' எழுதிய இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டேதான் மற்றவர்களுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள்.

இன்று ஆறாவது தடவை. மதியத்துக்கு மேல் கடைசியாக வந்தவள் பாப்பாயி, இருசாயியின் நாத்தனார். எடை நாற்பத்துநான்கு.

"எனக்கும் கிறுகிறுங்குதுங்க. எங்க அண்ணிக்கு இருந்தாப்புலயே."

"இன்னும் ஒரு வார மாத்திரைதாங்க்கா. முடிச்சுருங்க."

"செரீங்க. மேட்டுக்காட்டுல மிளகு பாதி மரத்துல நிக்குது, போறனுங்க."

ஏணியில் ஏறாதீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். பரிமளா குனிந்து மாத்திரைப் பட்டையை அடுக்கினாள். தலை தூக்கியபோது பாப்பாயியைப் பனிமூட்டம் மறைத்திருந்தது.

பனி வாசற்படியைத் தாண்டி உள்ளே இறங்கி, பெஞ்சின் கால்களைச் சுற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த ஆய்வின் விதிமுறைத் தாளை ஈரமாக்கி மெல்லச் சுருட்ட, அதோடு கூடவே பச்சை மிளகை விரலால் நசுக்கினால் வரும் காரமான வாசனை அறை முழுக்க ஏறியது. வெளியே ஒரு வண்டிச் சத்தமும் இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். இருசாயியின் படிவத்தை எடுத்தாள். ஆறாவது கட்டம். இதை நிரப்பிவிட்டால் கோப்பு மூடிவிடும், யாரும் திறக்கப்போவதில்லை. எழுதினாள்.

'எடை 41. நலம்.'

கைரேகையின்மேல் விரல் பட்டது. ஈரம். மூன்று மாதத்துக்கு முந்தைய மை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பெஞ்ச் கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்ததுபோல.

மேசையில் கிடந்த, பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை உப்பத் தொடங்கியது. தானாகவே வளைந்தது. மெலிந்த ஒரு கையைச் சுற்றியது போல் இறுகி நின்றது. உள்ளே கை இல்லை.

"வாரேன்னு கையடிச்சனே கண்ணு. ஒரு தடவையும் தப்பாம வந்தனுங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வேண்டாங்க்கா. நீங்க வர வேண்டாம். எழுதிடறேன். எல்லாத்தையும் எழுதிடறேன்."

'நலம்' என்பதை அடித்தாள். பேனா நழுவியது. எடுத்தாள். 'இறந்து' என்று தொடங்கினாள். பாப்பாயியைத் தடுக்க வேண்டும். ஓட வேண்டும். எழுந்தாள்.

மேட்டுக்காட்டிலிருந்து ஒரு அலறல். பிறகு பலர் கத்தும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எடை மெஷின் விழித்துக்கொண்டது.

நாற்பத்தொன்று.

எண் கலைந்தது. அறுபது. எழுபத்தெட்டு. எண்பத்தைந்தில் நின்றது. நாற்பத்தொன்றும் நாற்பத்துநான்கும். மெஷின் தட்டின்மேல், நெருக்கியடித்துக்கொண்டு, நான்கு ஈரக் காலடிகள்.