பதினொன்றேகால் மணிச் சத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் செல்வலட்சுமியின் டைப்பிங் கடைக்கு ஆட்கள் வழக்கமாக முதல் மனுவை எழுதத்தான் வருவார்கள். தேவஇரக்கம் நான்காவது மனுவோடு வந்தார். வயது அறுபத்தாறு. ராஜபாளையத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடையை மடக்கி மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துகொண்டார்.

"டைப் அடிக்க மட்டும் வரலம்மா. நீங்க விசாரிச்சுக் கண்டுபிடிப்பீயன்னு சொன்னாங்க," என்றார்.

மனுவுக்குத் தேவையானதைவிட நாலு கேள்வி அதிகமாகக் கேட்பது செல்வலட்சுமியின் வழக்கம். இருபத்து நாலு வருடத்தில் அந்தக் கேள்விகளால் காணாமல் போன பத்திரம் ஒன்றும், கள்ளக் கையெழுத்து இரண்டும் அகப்பட்டிருந்தன. இது ஊருக்குள் பரவியதற்குக் காரணம் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சோலைச்சாமி. நாற்பதைத் தாண்டியவன். கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு மர்மம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். அவன் இப்போது மெஷினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான்.

தேவஇரக்கத்தின் வீட்டுக்குப் பின்னால், ஒரே சுவரை ஒட்டி, ஒரு கிரில் பட்டறை இருந்தது. இரும்பை அறுக்கும் கட்டிங் மெஷினைப் போட்டால் அந்தத் தெருவில் யாராலும் பேச முடியாது, படிக்க முடியாது. ஆரம்பத்தில் நாள் முழுக்க ஓடியது. இந்த ஏழெட்டு மாதமாகக் காலையில் அரைமணி நேரம்தான். ஆனால் அது குறைந்ததில் அவருக்கு எந்த நிம்மதியும் இல்லை. எழுந்ததிலிருந்து அந்த அரைமணி நேரத்துக்காகக் காத்திருப்பதும், அது முடிந்த பிறகு காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருப்பதுமாகப் பொழுது போய்விடுகிறது என்றார். 

மூன்று முறை மனு கொடுத்து மூன்று முறையும் ஒலி அளக்கும் கருவியோடு அலுவலர் வந்தார். மூன்று முறையும் காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று நாளும் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் வேலை மட்டும் நடந்தது. அடுத்த நாளே மெஷின் ஓடியது. கடைசியாக வந்தபோது அலுவலர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, இன்னும் ஒரு தடவைதான் வர முடியும், அதற்குப் பிறகு கோப்பை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் மனு போடுகிற கிழவன் என்று தெருவிலேயே பேச்சாகிவிட்டது.

"யாரோ அவனுக்கு முன்கூட்டியே சொல்லிருதாங்க. அது யாருன்னு எனக்குத் தெரியணும். மெஷினை நிப்பாட்டுறது பொறவு பாத்துக்கிடலாம்."

அலுவலர் வரும் நாள் யாருக்கெல்லாம் தெரியும் என்று செல்வலட்சுமி கேட்டார். முதல் இரண்டு தடவை வீட்டில் இருக்கும்போது போன் வந்ததாகவும், எதிர்வீட்டு மாரீஸ்வரி காதில் விழுந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். மாரீஸ்வரியின் தம்பி அந்தப் பட்டறையில்தான் வேலை பார்க்கிறான். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவள், பிறகு போடமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டாள். அதனால் மூன்றாவது தடவை அவர் போனைச் சர்ச் வளாகத்தில் வைத்துப் பேசினார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"அன்னிக்குக் காலையில என்ன செஞ்சீங்க சார்?"

"ஒண்ணும் செய்யல. குளிச்சேன். தேய்ச்சு வச்ச வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டேன். ஆபீசர் வந்தா மரியாதையா இருக்கணும்ல."

வீட்டில் யார் யார் என்று கேட்டதற்கு, தானும் மனைவி ரோசம்மாளும்தான், ஒரே மகள் ஆஷிகாவை ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று என்றார். முகவரிச் சான்றுக்காக அவர் கொடுத்த குடும்ப அட்டை விவரத் தாளைச் சோலைச்சாமி நகல் எடுத்தான். அதில் நான்கு பெயர்கள் இருந்தன. செல்வலட்சுமி அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பட்டறைக்காரனோடு உங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை உண்டா என்று மட்டும் கேட்டார். ஒரு வருடமாக அவன் முகத்தில் நாங்கள் விழித்ததில்லை என்றார் தேவஇரக்கம். பிறகு ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துவிட்டுப் போனார். சத்தம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது என்று நாள்தோறும் எழுதி வைத்திருந்தார். கணக்கு வாத்தியாரின் கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை.

அன்று மத்தியானம் சோலைச்சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டான். மாரீஸ்வரிதான். செல்வலட்சுமி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், இந்த ஏழு மாதத்தில் தொடங்கும் நேரத்தைப் பார் என்றார். பதினொன்றேகால். பதினொன்று பதினேழு. பதினொன்றேகால். பக்கத்துக்குப் பக்கம் அதே நேரம்.

"கிரில் வேலைன்னா ஆர்டரைப் பொறுத்து அறுப்பாங்க. ஒரு நாள் காலையில, ஒரு நாள் சாயங்காலம். இவன் ஏன் மணி பார்த்து அறுக்கான்?"

சோலைச்சாமி நோட்டுக்குமேல் குனிந்தான். அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். ஆடிப்பூரத் தேரோட்ட நாள். 'உள்ளூர் விடுமுறை. பட்டறைக்கு வேலையாட்கள் வரவில்லை' என்று வாத்தியார் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே, 'சத்தம் 12.40 முதல் 1.05 வரை' என்றும் இருந்தது.

"ஆளே வராத நாள்லயும் மெஷின் ஓடியிருக்கு. அதுவும் ஒன்றரை மணி நேரம் பிந்தி. தேர் ஓடுனது நம்ம ஊர்ல. சத்தம் பிந்துனது ராஜபாளையத்துல," என்றார் செல்வலட்சுமி.

தேரோட்டத்தன்று பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே திருப்பிவிட்டது சோலைச்சாமிக்கு நினைவிருந்தது. அதற்கும் இரும்பு அறுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை. அவர் அவனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி, பதினொன்றேகால் மணிக்கு எந்தெந்த வண்டிகள் நின்று ஓய்வெடுக்கின்றன, ஓட்டுநர்கள் யார் என்று எழுதிவரச் சொன்னார். மூன்று வண்டிகளின் விவரம் வந்தது. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு இருவரும் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார்கள். சோலைச்சாமி மாரீஸ்வரி வீட்டுக்கும் பட்டறைக்கும் போனான். செல்வலட்சுமி தேவஇரக்கத்தின் முன்னறையில் உட்கார்ந்தார். சுவரில் மகளின் கல்யாணப் படம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி. ஆணிக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் சுண்ணாம்பு நிறம் மங்காமல் பளிச்சென்று இருந்தது. ரோசம்மாள் காப்பி கொடுத்துவிட்டு, துவைக்கிற வேலை கிடக்கிறது என்று பின்பக்கம் போனார்.

சரியாகப் பதினொன்றேகாலுக்குச் சத்தம் கிளம்பியது. பல்லின் வேர்வரை கூசியது. தேவஇரக்கம் ஜன்னல்களைச் சாத்தினார், நடுக்கதவைச் சாத்தினார், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்க செல்வலட்சுமிக்கே பாவமாக இருந்தது.

செல்வலட்சுமி எழுந்து புழக்கடைக்குப் போனார். துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. அதன்மேல் இரண்டு வேப்பிலைச் சருகு. வாளியில் தண்ணீர் இல்லை. பட்டறைச் சுவரை ஒட்டி, வீட்டிலேயே சத்தம் மிகுந்த அந்த இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ரோசம்மாள் முந்தானையைத் தலையோடு போர்த்திக் குனிந்து உட்கார்ந்திருந்தார். செல்வலட்சுமியைக் கண்டதும் சட்டென்று எழுந்தார். கை முந்தானைக்குள் போனது. அடுத்த நிமிடம் சத்தமும் நின்றது.

தலைவலி, அதான் செத்த நேரம் உட்கார்ந்தேன் என்றார். பிறகு பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "பட்டறைக்கார லிங்குக்கு விடியக்காலம் கண்ணுல பொறி பட்டுருச்சு. ஒத்தக் கண்ணோட வேலை பாக்கான், பாவம்," என்றார்.

செல்வலட்சுமி அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அக்கா, நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீயளா?"

ரோசம்மாள் பட்டறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "நீயே சொல்லு தாயி. மூணு வருசமா எனக்கு வாய் வரல."

சோலைச்சாமி இரண்டு செய்தியோடு வந்தான். மூன்றாவது தடவை அலுவலர் வந்த அன்று மாரீஸ்வரி முந்தின நாளிலிருந்தே தளவாய்புரத்தில் ஒரு சடங்கு வீட்டில் இருந்தாள்; மொய் நோட்டில் பெயர் இருக்கிறது. தம்பியின் வேலை போய்விடும் என்றுதான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாவது செய்தி அவனுக்கே விளங்கவில்லை: பட்டறையின் மூலையில் இரண்டு அங்குல நீளத்துக்கு அறுத்த இரும்புத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. எந்தக் கிரில்லுக்கும் ஆகாத துண்டுகள்.

பட்டறைக்காரன் லிங்கேஸ்வரனையும் முன்னறைக்கு வரவழைத்தார் செல்வலட்சுமி. முப்பது வயதுக்காரன், இடது கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தது. தேவஇரக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லிங்கேஸ்வரன் உட்காரவில்லை. அவரிடம் படித்தவன்.

செல்வலட்சுமி ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றாவது தடவை நாள் யாருக்கும் தெரியாது. ஆனால் விசேஷம் இல்லாத நாளில் வெள்ளைச் சட்டை கேட்டால், அதைத் தேய்த்துக் கொடுக்கிறவருக்கு ஆபீசர் வருகிறார் என்று தெரியும். பட்டறையோடு பேச்சே இல்லாத வீட்டில், விடியக்காலம் லிங்கேஸ்வரன் கண்ணில் பொறி பட்டது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்படின்னா சொல்லிக் கொடுத்தது..." என்று தேவஇரக்கம் தொடங்கி, முடிக்காமல் மனைவியைப் பார்த்தார்.

"அக்காதான் சார். ஆபீசர் வர்ற அன்னிக்குச் சுவருக்கு மேல, இன்னிக்கு வேண்டாம்ப்பான்னு சொல்லிருவாங்க. அளந்துட்டா மெஷினை நிப்பாட்டிருவாங்கள்ல. அது நின்னுறக் கூடாதுன்னு நெனச்சாங்க."

அந்தச் சத்தம் வேலைக்காக எழும் சத்தமே இல்லை என்றார் செல்வலட்சுமி. மூலையில் கிடப்பது எதற்கும் உதவாத துண்டுகள். நோட்டில் இருப்பது மணி தவறாத நேரம். தேரோட்டத்தன்று பஸ் பிந்தியது, சத்தமும் பிந்தியது. கூமாப்பட்டி மினிபஸ் தினமும் பதினொன்று பத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பதினொன்றே முக்காலுக்குத் திரும்புகிறது. அதை ஓட்டுகிறவருக்குப் போன் பேச அந்த இடைவெளிதான். பைக்குள்ளிருந்த சீட்டையும் குடும்ப அட்டை நகலையும் எடுத்து மேசைமேல் அருகருகே வைத்தார். இரண்டிலும் இருந்த பெயர் ஜெபின்.

தேவஇரக்கம் அந்தத் தாள்களைத் தொடவில்லை. சோலைச்சாமிக்கு மட்டும் புரியாததால் லிங்கேஸ்வரன் தாழ்ந்த குரலில் சொன்னான். ஜெபின் சாருடைய மகன், தன்னோடு ஒன்றாகப் படித்தவன். போதகர் படிப்புக்குச் சேர்த்துவிட்டார்கள். கடைசி வருடத்தில், எனக்குக் கடவுளின் அழைப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அன்றைக்கே சார் படத்தைக் கழற்றினார். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார். கட்டிங் வேலையை எல்லாம் சேத்தூர் ரோட்டு ஷெட்டுக்கு மாற்றி ஏழு மாதம் ஆகிறது. இங்கே ஒரு மெஷினை விட்டு வைத்தது அம்மா அவனோடு போனில் பேசுவதற்காக: அறுக்கும்போது அம்மா பேசுவார், ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் அவன் சொல்வதைக் கேட்பார்.

"நாள் முழுக்க வீட்டுலயே இருக்கீங்க சார். ஒரு டம்ளரை வச்சாக்கூட உங்களுக்குக் கேக்கும். அம்மா எங்க போயிப் பேசுவாங்க?"

தேவஇரக்கம் மனைவி பக்கம் திரும்பினார். "என் தலை வெடிக்கிறதைத் தினம் பாத்துக்கிட்டேதான இருந்த?"

"பாத்தேன்," என்றார் ரோசம்மாள். "ஒங்களுக்கு வலிக்கும்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். அந்தச் சத்தத்த ஒரு வருசம் தாங்க முடியலன்னு நாலு மனு எழுதிட்டீக. நான் மூணு வருசமா எம்புள்ளை பேரச் சொல்லாம இருக்கேன். நான் எங்க போயி மனுக் கொடுக்க?"

யார் என்று கேட்டேன், சொல்லிவிட்டீர்கள், போய்வாருங்கள் என்று தேவஇரக்கம் செல்வலட்சுமியிடம் சொன்னார். நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. 

பத்து நாளில் மெஷின் சேத்தூர் ரோட்டுக்குப் போய்விட்டது. நான்காவது தடவை வந்த அலுவலருக்கு அளக்க ஒன்றும் இல்லை. குறை தீர்ந்தது என்று எழுதி, மனுதாரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தேவஇரக்கம் மறுபடியும் கடைக்கு வந்தார். கையில் மனு இல்லை. சோலைச்சாமி நாற்காலியைத் தள்ளிப் போட்டு, இப்போது வீட்டில் சத்தம் இல்லாமல் நிம்மதியா என்று கேட்டான்.

"எங்க நிம்மதி? அவ அடுப்படியில உக்காந்து சத்தமாப் பேசுதா. எம்புட்டுச் சிரிப்பு. கதவைச் சாத்துனாலும் கேக்குது." எரிச்சலோடுதான் சொன்னார். முதல் வாரம் அந்த நேரத்துக்கு டீக்கடைக்குப் போய்விட்டதாகவும், அங்கே ஒரே கூட்டமாக இருப்பதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கூமாப்பட்டி மினிபஸ் எல்லாம் பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம் நிக்கும்?"

சோலைச்சாமி சட்டையை உதறிக்கொண்டு, வாங்க சார், நானே கூட்டிட்டுப் போறேன் என்று கிளம்பினான். செல்வலட்சுமி அவனைக் கையமர்த்தினார். உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம், சர்பத் கடைக்கு எதிரே என்று அவரே வழி சொன்னார்.

தேவஇரக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. வெயிலில் இறங்கி, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்து போனார்.