கண்ணாடியைக் கொத்திய தேன்சிட்டு

மறுபடியும் அதே வேலை. அவளுடைய ஸ்கூட்டர் கண்ணாடியில் யாரோ ஒருவன் பழைய காலுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கண்ணாடிக் கடையில இல்லாத கண்ணாடியா என் வண்டியில இருக்கு?"

திரும்பியவன், பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன். கடை அவன் அக்காவுடையது. ஸ்கூட்டர்க்காரிக்கு அதை ஒட்டிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பின்முற்றம் இரண்டுக்கும் பொது. குருவி, அது இது என்று அவன் தடுமாறினான். அவள் காதில் வாங்காமல் நேரே அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். இனி பின்பக்கமே போகக் கூடாது என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவனுக்கு டோஸ் விழுந்தது. அவன் ஒருமுறை மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்ணு நல்லாத்தான் இருக்கு... என்று ஓடிய மனசை அவளே அதட்டி உட்கார வைத்தாள்.

அடுத்த நாள் மழைத் தூறல். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தாள். கட்டைவிரல் அளவுக் குருவி, கருநீல மினுமினுப்பு, வளைந்த அலகு. அவள் வண்டிக் கண்ணாடியைக் கொத்தியது. செம்பருத்திக் கிளைக்குப் போய்க் கீச்சுக் குரலில் ஒரு பாட்டு. திரும்ப வந்து ஒரு கொத்து. மஞ்சள் வயிற்றுப் பெட்டை எதையும் கண்டுகொள்ளாமல் கூட்டுக்கு நார் சேர்த்தது.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. நனைந்தபடி ஓடி, புதுக் கையுறை ஒன்றைக் கண்ணாடியில் மாட்டினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. கடை வாசல்வரை போவாள், திரும்பிவிடுவாள். அவனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு மாலை அக்காவிடமே போய், தப்பு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டாள். அக்கா சிரித்துவிட்டுத் தம்பியைப் பின்முற்றத்துக்கு அனுப்பினாள்.

"தேன்சிட்டுங்க. கண்ணாடியில தெரியறது தான்தான்னு தெரியாம சண்டை போடுது," என்றான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பேச விட்டாத்தானே..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனி வண்டியை வேறெங்காவது நிறுத்துவதாகச் சொன்னாள்.

"வேணாங்க," என்றான் சட்டென்று. "இங்கயே விடுங்க. நான் மூடி வைக்கிறேன்."

"குஞ்சு பொரிச்சுப் பறந்து போயிட்டா?"

அவன் செம்பருத்தியையே பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"அப்பவும் வருவேன். முதல் நாளே... குருவிக்காக மட்டும் வரலைங்க. உங்களைப் பிடிச்சிருந்துச்சு."

தூறல் விழுந்தது. இருவரும் நகரவில்லை.

"எனக்கும்தான்," என்றாள் அவள், மெதுவாக. "திட்டிட்டு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."