அசையாமல் கட்டிய குழல்

லிஜியின் அப்பா ஏசுஅடிமை ஒரு பொருளைக் கட்டினால், அது கடலுக்குப் போய்த் திரும்பினாலும் அசையாது. குளச்சலில் படகு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். படகில் விளக்குக் கம்பம் ஆடினாலும் சரி, கைப்பிடி கழன்றாலும் சரி, நேராக அவருடைய வெல்டிங் பட்டறைக்குத்தான் வருவார்கள்.

நெய்யூரிலிருந்து சஜிதா அக்காவும் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் ஒரு மரப்பெட்டி. கூடவே ஒரு பெரிய பித்தளைக் குழல், ஊமத்தம்பூ மாதிரி வாயை விரித்துக்கொண்டு ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"யக்கா, இது கோவில் மைக்செட்டா?" என்று கேட்டாள் லிஜி.

"போனோகிராப் மக்கா. ரேடியோவுக்கும் மூத்தது. எங்க பழைய வீட்டை இடிச்சப்போ மச்சுல கெடந்துச்சு."

சஜிதா அக்கா பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே, டம்ளர் அளவில் ஒரு கறுப்பு மெழுகு உருளை. உருளை சுற்றும்போது ஊசி அதன்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெல்ல நகரும். அது எழுப்பும் சத்தம் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் குழலுக்குப் போய்ப் பெரிதாகக் கேட்கும். குழல் பெட்டியைவிட நீளம். அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு தாங்கி வேண்டும். அதுதான் காணாமல் போயிருந்தது.

"இதே மாதிரி புதுசா ஒரு தாங்கி செஞ்சு தரணும், அண்ணே," என்று அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பெட்டியின் முன்னால் வளைந்த கம்பி ஒன்று நின்றது. அதன் நுனியில் மெல்லிய சங்கிலி. சங்கிலியில் குழல் தொங்கியது.

"உருளையில என்ன பாட்டு?" என்றாள் லிஜி.

"பாட்டு இல்ல. குழல் இல்லாம காதை வச்சுக் கேட்டேன், ஒரு பிள்ளை பேசுறது மட்டும் தெரியுது; என்னன்னு விளங்கல. அந்தக் காலத்துல வீட்டுல வச்சே இதுல பேசிப் பதியலாமாம். யாருன்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பாடு."

அப்பா குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சஜிதா அக்கா சாவி கொடுத்து ஊசியை வைத்தாள். மீன் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குட்டிக் குரல் எட்டிப் பார்த்தது.

"என் பேரு..."

அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் கிடந்த தம்பி லிஜின் வீல் என்று கத்தினான். சஜிதா அக்கா சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"பாட்டுக்காரன் முழிச்சிட்டான்," என்று சிரித்தார் அப்பா. "முதல்ல தாங்கி செய்வோம். பொறவு சாவகாசமா கேக்கலாம்."

லிஜி மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள். அப்பாவின் கையிலிருந்த குழல், ஊசி போன பக்கமே கொஞ்சம் நகர்ந்திருந்தது.

"அப்பா, குழல் நகந்துச்சு."

"ஆமா மக்கா. அதான் அசையாம கட்டணும்."

அவள் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் அப்பா கிரைண்டரைப் போட்டுவிட்டார். கிரைண்டர் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் அப்பா 'பொறவு' என்று கையை மட்டும் ஆட்டுவார். இப்போதும் ஆட்டினார். லிஜி தம்பியின் தொட்டிலை ஆட்டப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை சஜிதா அக்கா வந்தபோது தாங்கி பளபளவென்று நின்றது. தடித்த பித்தளைக் கம்பி. குழலை இறுக்கிப் பிடிக்க இரண்டு வளையம். பழைய ரப்பர் குழாய்க்குப் பதிலாக, படகில் டீசல் போகிற தடித்த குழாய்.

"படத்துல சங்கிலியாக்கும் இருந்துச்சு," என்றாள் லிஜி, யாருக்கும் கேட்காத குரலில்.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "சங்கிலி ஆடும்ட்டி. நாம அதைவிட உறப்பா செஞ்சிருக்கோம்."

சஜிதா அக்கா ஊசியை வைத்தாள். மீன் பொரிகிற இரைச்சல். "என் பேரு..." அதோடு குரல் நின்றது. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஊசி முன்னால் போகப் பார்த்தது; குழல் விடவில்லை. ஊசி அங்கேயே நின்று சுரண்டியது. அப்பாவின் கைமேல் கறுப்புத் தூள் உதிர்ந்தது.

"யக்கா, நிறுத்துங்க," என்றாள் லிஜி.

நிறுத்தியபோது உருளையைச் சுற்றி வளையமாக ஒரு தழும்பு விழுந்திருந்தது. அந்தப் பிள்ளையின் பேர் அந்த இடத்தில்தான் இருந்தது.

"உறப்பாத்தானே கட்டினேன்," என்றார் அப்பா. அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"இருக்கட்டும்ணே," என்று சஜிதா அக்கா உருளையைத் துணியில் சுற்றினாள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மிச்சமாவது கெடக்கட்டும். இனி இதைப் போடவே வேண்டாம்."

லிஜி அப்பாவின் கையிலிருந்த கறுப்புத் தூளைப் பார்த்தாள். அன்றைக்கே சத்தமாகச் சொல்லியிருக்கலாம். கிரைண்டர் ஓய்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம்.

தொட்டிலில் லிஜின் புரண்டு படுத்தான். மேலே ஸ்பிரிங்கில் தொங்கிய தொட்டில் அவன் புரண்ட பக்கமே மெதுவாகப் போனது.

"அப்பா," என்றாள் லிஜி. இந்த முறை நன்றாகக் கேட்கும்படி சொன்னாள். "நீங்க கையில பிடிச்சப்போ குழல் ஊசி கூடவே போச்சு. கட்டினதும் போக முடியல. அது தொட்டில் மாதிரி தொங்கணும்."

அப்பா தொட்டிலைப் பார்த்தார். குழலைப் பார்த்தார். வளையங்களை அறுத்து எடுத்தார். மெல்லிய சங்கிலியில் சின்ன ஸ்பிரிங் ஒன்றைக் கோத்துக் குழலைத் தொங்கவிட்டார். தடித்த குழாயைக் கழற்றிவிட்டு, மெத்தென்று வளையும் குழாய் ஒன்றை மாட்டினார்.

சஜிதா அக்கா உருளையை மடியை விட்டு எடுக்கவில்லை.

"இப்போ தராண்டாம்க்கா," என்றாள் லிஜி. "உருளை இல்லாம வெறும் பெட்டியை ஓட்டிப் பாப்போம்."

ஓட்டினார்கள். ஊசி நகர நகர, குழலும் பூனை மாதிரி சத்தமில்லாமல் கூடவே போனது. மறுபடியும் ஓட்டினார்கள். மறுபடியும் போனது. அதற்குப் பிறகுதான் சஜிதா அக்கா துணியைப் பிரித்தாள். தழும்பைத் தாண்டி ஊசியை வைத்தாள்.

"...கஞ்சியும் பயறும் குடிச்சேன். சக்கப்பழம் எனக்கு ரெண்டு சொளை. அண்ணனுக்கு மூணு சொளை. அது ஏன்?"

உருளையிலேயே, தூரத்திலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. "அதை விடு. ஒரு பாட்டு பாடு."

"பாட மாட்டேன். முதல்ல சொளைக்கு ஒரு வழி சொல்லு."

பிறகு யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்பிள்ளையும் சிரித்தாள். இரைச்சல் வந்தது. முடிந்துவிட்டது.

பட்டறையிலும் எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்ல சண்டைக்காரி," என்றாள் சஜிதா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேரு தெரிஞ்சா எங்க வீட்டுல யாருன்னு கண்டுபிடிச்சிருக்கலாம்."

"நாமளே நல்ல பேரா ஒண்ணு வச்சிருவோமா?" என்றார் அப்பா.

லிஜி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அவளுக்குப் பேரு உண்டுப்பா. சொல்லவும் செஞ்சா. நாமதான் பொறவு கேக்கலாம்னு விட்டுட்டோம்."

அப்பா துணியை எடுத்துக் குழலைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

சஜிதா அக்கா உருளையின் பெட்டியில் ஒரு காகிதம் ஒட்டி, 'சக்கப்பழம் கேட்ட பிள்ளை' என்று எழுதினாள். அதற்கு மேலே, ஒரு பேர் எழுதும் அளவுக்கு இடம் விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, அப்பா ஒரு படகுக் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். லிஜி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா."

கிரைண்டர் நின்றது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சொல்லு மக்கா."

"சாளை மீன் குழம்பு ஆறுதுன்னு அம்மா சொல்லச் சொன்னா."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லியா?"

லிஜி யோசித்தாள். "உண்டு. ஆனா பெரிய கதையாக்கும்."

அப்பா கிரைண்டரின் வயரையே பிடுங்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.