சாவு நுழையாத வீட்டுக் கடுகு

இளவேணியின் மகன் திரையன் அன்று காலையில் எழுந்திருக்கவில்லை. நாகைக் கடல்நகரில் அதற்குமுன் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

அந்த நகரத்தில் எல்லோருடைய ரத்தத்திலும் செப்பனி என்னும் நுண்பொறிகள் ஓடின. கண்ணுக்குத் தெரியாத கொத்தனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. காயமோ காய்ச்சலோ மூப்போ, எங்கே விரிசல் கண்டாலும் அவை உடனே பூசிவிடும். அவை வந்த பிறகு கட்டிய நகரம் அது. அங்கே சாவு என்பது பழங்கதையில் வரும் சொல்.

"நல்லா உலுக்கு வேணி. வாலுப் பய, நடிக்கிறான்" என்றாள் அடுத்த வீட்டு ரெஜினாள்.

"உலுக்கிட்டேன்க்கா. சில்லுனு கெடக்கான்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சதுக்கத்து அரசமரத்தடியில் இருந்த ஆறுதற்பொறியிடம் ஓடினாள் இளவேணி. கௌதம புத்தரின் வாழ்க்கை முழுவதும் அதனுள் இருந்தது. அரண்மனையைத் துறந்தது, மரத்தடியில் விழித்தது, அப்புறம் ஊர் ஊராக நடந்தது எல்லாம். யார் என்ன துயரத்தோடு வந்தாலும், அதே துயரத்துக்கு அவர் என்ன செய்தார் என்று தேடி அதையே செய்யும். பெரும்பாலும் அதனிடம் வந்தது மாமியார் மருமகள் சண்டைதான்.

"எம் புள்ளைய எழுப்பிக் குடு சாமி."

பொறி உடனே சொன்னது: "சாவு நுழையாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா, தாயே. மருந்து தருகிறேன்."

இளவேணி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

"ஒங்க வீட்ல யாராச்சும் செத்திருக்காங்களா?"

"என்னடி கேள்வி இது! எங்க பூட்டனும் பூட்டியும் மாடியில சீட்டாடுறாங்க. போய்ப் பாரு."

கடுகைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்ற நம்பிக்கை மட்டும் அந்த ஊரில் சாகவில்லை. எல்லோரும் அஞ்சறைப்பெட்டியிலிருந்து அள்ளி அவள் முந்தானையில் போட்டார்கள். ரெஜினாள் இரண்டு பிடி போட்டாள். முந்தானை கனக்கக் கனக்க இளவேணிக்கு உயிர் வந்தது. பையன் எழுவதைப் பார்க்கத் தெருவே அவள் பின்னால் வந்தது.

"எல்லா வீட்லயும் குடுத்தாங்க சாமி. மருந்து குடு."

பொறியின் ஒளி அவள் முந்தானைமேல் விழுந்தது.

"எல்லா வீட்டிலுமா?"

"ஒரு வீடு பாக்கி இல்ல."

"தாயே, என்னிடம் மருந்து இல்லை. இதேபோல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி கௌதமரிடம் வந்தாள். இதே கடுகைத்தான் அவரும் கேட்டார். ஊரெல்லாம் அலைந்தும் அவளுக்கு அது கிடைக்கவில்லை, சாவு நுழையாத வீடே இல்லை. அழுதது தான் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. கிடைக்காத கடுகுதான் மருந்து. உனக்குக் கிடைத்துவிட்டது."

இளவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இந்த ஊர்லயே நான் ஒருத்திதானா?"

ரெஜினாள் தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இவனுக்கு மட்டும் ஏன் சாமி இப்படி?" என்றாள். 'மட்டும்' என்பதைப் பொறி ஒப்புக்கொண்டால் போதும் அவளுக்கு.

பொறியின் ஒளி திரையன்மேல் ஊர்ந்தது.

"செப்பனிகள் நின்றுவிட்டன. மூப்பைத் தடுப்பவைக்கும் மூப்பு உண்டு. இவன் ரத்தத்தில் ஓடியவை தாயிடமிருந்து வந்த பழையவை; அவையேதான் உங்கள் எல்லோரிடமும் ஓடுகின்றன. இவன் முதல் ஆள்."

யாரோ தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

ரெஜினாள் மெல்லக் குனிந்து, அந்த முந்தானையிலிருந்து இரண்டு பிடி கடுகைத் திரும்ப அள்ளினாள்.

"எங்க வீட்டுக் கடுகு இனிமே செல்லாது வேணி" என்று சொல்லிவிட்டு அவளோடு தரையிலேயே உட்கார்ந்தாள்.

இன்னொரு வீட்டுக்காரர் வந்து ஒரு பிடி எடுத்தார். அப்புறம் பூட்டனும் பூட்டியும் வந்தார்கள், கையில் சீட்டுக்கட்டோடு. ஆளுக்கு ஒரு பிடி எடுத்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முந்தானை காலியாயிற்று. நூலில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு கடுகையும் உதறிவிட்டு, இளவேணி அதை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். அப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு எழுந்த அழுகை முதலில் எந்த வீட்டாருடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.