ஓபூலா யாருடையது?

காலை 8.10. தேர்வாய் கண்டிகையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. சனிக்கிழமை டிபன் பை ரேக்கில் வைத்த பச்சை நோட்டு, திங்கட்கிழமை அங்கே இல்லை.

நோட்டு ஷைனியுடையது. இரும்புத் தகட்டை இடித்து வளைக்கும் பிரஸ் மிஷினில் தகடு வைப்பவள். உள்ளே இருந்தது ஓபூலா, அவளே உண்டாக்கிய மொழி. நானூறு சொற்கள், இலக்கணம், உச்சரிப்புக் குறிப்புகள் என்று மூன்று வருட உழைப்பு. சென்னையில் கம்ப்யூட்டர் கேம் செய்யும் ஒரு கம்பெனி, தன் கதையின் வனதேவதைகளுக்கு மொழி தேடியது. மூன்று மணிக்கு வீடியோ கால். தேறினால், நடிகர்களுக்கு ஓபூலா சொல்லித்தரும் வேலை. தேறாவிட்டால், இந்த மாதத்தோடு காண்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

9.00. கேம் கம்பெனியிலிருந்து ஷைனிக்குப் போன். "இதே மொழிய ஜெரால்டுன்னு ஒருத்தர் நேத்து அனுப்பியிருக்காரே? டைப் செஞ்ச பக்கம், குரல் பதிவு எல்லாம் இருக்கு. யாரோடதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

ஜெரால்ட் அதே தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். ஏசி போட்ட கண்ணாடி அறை. பேனா விழுந்தால்கூடக் கேட்கும்.

விசாரித்தவர் செக்யூரிட்டி ஆபீசர் சந்திரமோகன், ஓய்வுபெற்ற ஏட்டு. தன் வீட்டு நாய் வாலாட்டினாலும் ஏன் என்று யோசிக்கிற மனிதர்.

9.40. ஜெரால்ட். அவன் டைப் செய்து அனுப்பிய பக்கம் சந்திரமோகன் கையில்.

"மொழி யாரோடது?"

"என்னுது சார். நான் சொல்லச் சொல்ல ஷைனி எழுதிக்கினா. இப்ப தன்னுதுன்றா. பேஜாரா கீது சார்."

"இதுல 'ம'வே காணோமே?"

"அழகுக்கோசரம் உட்டுட்டேன் சார்."

"சில வரி மேல வளைஞ்ச கோடு கீதே, இன்னா அது?"

"கேள்வி சார். அங்க குரல உசத்தணும்."

10.15. ஷைனி. அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள். கழுத்தில் ஆரஞ்சு நிறக் காதடைப்பான் கயிற்றோடு தொங்கியது.

"எடுத்தது போவட்டும் சார். அவன் சொல்லி நான் எழுதிக்கினேனாமே! வயிறு எரியுது."

"வேற யாருக்கு ஓபூலா தெரியும்?"

"செண்பகம் அக்காக்கு மட்டும். எதிர் பிரஸ் மிஷின்ல நிக்கிறாங்க."

"கூட்டாளி சாட்சிய எவன் நம்புவான்? எப்போ கத்துக்கினாங்க?"

"வேல செய்யும்போதுதான் சார்."

சந்திரமோகன் காதடைப்பானையே பார்த்தார்.

11.00. பிரஸ் ஷாப். மிஷின்கள் இடித்துக்கொண்டிருந்தன. நால்வர் காதிலும் அடைப்பான். சந்திரமோகன் ஜெரால்டுக்கும் ஷைனிக்கும் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். அதை ஓபூலாவில் செண்பகத்திடம் சொல்ல வேண்டும். புரிந்ததை அவள் தாளில் எழுத வேண்டும்.

ஜெரால்ட் சீட்டில், 'மூணு மணிக்கு பஸ் வருமா?' கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். செண்பகம் எழுதினாள்: 'மூணு மணிக்கு பஸ் வரும்.'

ஷைனி குரலே எழுப்பவில்லை. உதடு அசைந்தது, புருவம் ஏறியது. செண்பகம் எழுதினாள்: 'பச்ச நோட்டு ஜெரால்ட் மேஜையில கீதா?' ஷைனியின் சீட்டில் இருந்ததும் அதேதான்.

சந்திரமோகன் தாளை ஜெரால்டிடம் நீட்டினார். அவன் முகம் வெளுத்தது.

வெளியே வந்ததும் சொன்னார். "பிரஸ்ல நிக்கிறவங்களுக்கு காது கெடையாதுப்பா, கண்ணுதான். இது காதுக்குப் பண்ண பாஷையே இல்ல. வளைஞ்ச கோடுன்னா புருவத்த ஏத்தணும். ஒனக்குத் தெரியல, கேள்விய பதிலா சொல்லிட்ட. 'ப'வும் 'ம'வும் உதட்டுல ஒண்ணாத்தான் தெரியும், அதான் இந்தப் பொண்ணு ஒண்ண உட்டுட்டா. நீ அழகுன்ற! கண்ணாடி ரூம்ல குந்திக்கினு இருக்கிறவனுக்கு இது எப்பிடித் தோணும்?"

ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டான். நோட்டு அவன் மேஜையின் இரண்டாவது டிராயரில், பழைய ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் கிடந்தது. சந்திரமோகனே கேம் கம்பெனிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

3.00. வீடியோ கால். "குரல் மட்டும் போதும்மா, கேமரா வேணாம்" என்றார் மறுமுனையில் இருந்தவர்.

"கேமரா வேணும் சார்" என்றாள் ஷைனி. "வாயப் பாத்தாதான் ஓபூலா வரும்."

3.25. ஷைனி முகமெல்லாம் சிரிப்பாகப் பிரஸ் ஷாப் வாசலுக்கு ஓடிவந்து நின்றாள். உள்ளே அதே இடி. அறுபதடி தள்ளி நின்ற செண்பகத்தைப் பார்த்து, சத்தமே இல்லாமல் நாலு சொல் சொன்னாள். புருவம் ஏறவில்லை, அது கேள்வி இல்லை.

செண்பகம் மிஷினை நிறுத்திவிட்டு, கையுறையோடே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.