ஸ்னொர்ரே ஒளித்த மேடு

ஸ்னொர்ரேயைக் காணவில்லை!

ஸ்னொர்ரே துஷ்யாவின் வகுப்பு முயல். சனி, ஞாயிறில் பிள்ளைகள் முறைவைத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இந்தக் கிழமை துஷ்யாவின் முறை. புருசெத் என்ற பகுதியில் அப்பா காய்கறி நடும் தோட்டத்துக்கு அதைக் கூட்டோடு கொண்டுவந்தாள். கொஞ்சம் புல் மேயட்டும் என்று கதவைத் திறந்ததுதான் தாமதம், ஒரே ஓட்டம்!

"ஓடி வா ராசா!" அப்பா பிலேந்திரன் பற்றைக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டார்.

"அப்பா, அது நோர்வே முயல். தமிழிலை கூப்பிட்டா விளங்குமே?"

அப்பா நோர்வே மொழியான நொர்ஸ்க்கிலும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு அசுமாத்தமும் இல்லை.

துஷ்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு வகுப்பிலை எல்லாரும் கேப்பினம். நான் என்னத்தைச் சொல்லுறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். முயலுக்கு எந்த இடம் பிடிக்கும்?

ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தில் பெரியப்பா ஒரு குன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே புல் மூடிய நீளமான மண்மேடுகள் இருந்தன. கல்லறைகளாக்கும் என்று நினைத்து அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டார்! பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பல நூறு வருடங்களுக்கு முன்பு முயல் வளர்த்தவர்கள் குவித்த மேடுகளாம் அவை. இறுகிய தரையை விட, குவித்த மண்ணில் முயல்கள் சுகமாக வளை தோண்டுமாம். வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், மேடுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

"அப்பா! உங்கடை கிழங்குப் பாத்தி!"

உருளைக்கிழங்கு நட அப்பா மண்ணை முழங்கால் உயரத்துக்கு நீளமாகக் குவித்திருந்தார். அதன் பின்பக்கத்தில் புத்தம்புது ஓட்டை!

அப்பா மண்வெட்டியைத் தூக்கினார்.

"வெட்டாதேங்கோ! மண் இடிஞ்சா அதுக்கு மூச்சு முட்டும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"கதைக்காமல் இருப்பம்."

அப்பாவுக்கு அதுதான் பெரிய கஷ்டம். இரண்டு தரம் வாயைத் திறந்தார். இரண்டு தரமும் துஷ்யா முறைத்தாள். கூட்டில் கிடந்த கரட் இலைகளை எடுத்து வளை வாசலில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தாள்.

கடைசியில் மண் அப்பிய மூக்கொன்று எட்டிப் பார்த்தது. துஷ்யா பாய்ந்து பிடிக்கவில்லை. பாவம், ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறது. ஸ்னொர்ரே இலை இலையாகத் தின்றபடி தானாகவே அவள் மடிக்கு வந்தது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்ரை கிழங்குப் பாத்தியைப் பாழாக்கிப் போட்டுதே!" என்றார் அப்பா.

"நீங்கள் தனக்குத்தான் வீடு கட்டினீங்கள் எண்டு நினைச்சிருக்கும். அவ்வளவு வடிவாயெல்லோ கட்டியிருக்கிறியள்!"

அப்பா பாத்தியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஓம், வடிவாய்த்தான் இருக்கு" என்று மண்வெட்டியைக் கீழே வைத்தார்.