டொரொண்டோ அக்கா

வீட்டில் ஒருத்தரும் இல்லை, ஆனால் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை முடிந்து சிட்னி வெஸ்ட்மீட் ஃபிளாட்டுக்குள் நுழைந்த சந்திரவதனாவுக்கு, ஜூன் மாதக் குளிர்காலத்து ஐந்து மணி இருட்டும், தூசி கருகுகிற மணமும், மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்குகிற சத்தமும், பன்னிரண்டு வயது மகளின் அறையிலிருந்து வந்த நீல வெளிச்சமும் நெஞ்சை என்னவோ செய்தன.

"மேனுகா! எங்கை பிள்ளை?"

கட்டிலில் லாப்டொப் திறந்து கிடந்தது. நிரோஜா அக்காவோடு சாட். அப்பாடா என்றிருந்தது. டொரொண்டோவில் இருக்கிற தமக்கை பவளத்தின் மகள்தானே. நாட்டுச் சண்டையால் திக்குத் திக்காய்ப் போன குடும்பம், பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கண்டதேயில்லை. அந்தப் பேரில் நட்பு அழைப்பு வந்தபோது சந்திரவதனா சந்தோசத்தில் அழுதேவிட்டாள். "அம்மா, ஷீ இஸ் வியர்ட். எங்கட வீடு, ஸ்கூல் எல்லாம் படம் கேக்கிறா" என்று மேனுகா முகம் சுளிக்க, "சொந்த அக்காவுக்கு என்னடி? அனுப்பு" என்று அதட்டியவளும் அவள்தான்.

கடைசி வரிகளை வாசித்தாள்.

"சிட்னிக்கு வந்திட்டன். ஸ்டேஷனுக்கு வா. அம்மாவுக்குச் சொல்லாதை, சர்ப்ரைஸ்."

"கமிங்!" என்று மேனுகா எழுதியிருந்தாள். மூன்றரை மணிக்கு.

மகளின் ஃபோனுக்கு எடுத்தாள். அடித்து அடித்து நின்றது. திரும்ப எடுத்தாள். அணைத்து வைத்திருந்தது.

டொரொண்டோவில் சாமம் மூன்று மணி. பவளம் பதறிப்போய் ஃபோனை எடுத்தாள்.

"நிரோவோ? பக்கத்து அறையில படுத்திருக்கிறாள். ஏனடி?"

"மேனுகாவோட சாட்டில..."

"அவளுக்கு அதொண்டும் இல்லையே. நான் விடேல்லை."

ஃபோன் நழுவியது. ஐயோ, என்ர பிள்ளை. என்ர வாயாலதானே. நான்தானே அனுப்பு எண்டனான்.

மகளின் லாப்டொப்பை இழுத்தாள். எழுதினாள்: "மேனுகா எங்கை?"

மறுபக்கம் பார்த்துவிட்டது. எழுதுகிறது. நிற்கிறது. திரும்ப எழுதுகிறது.

"சித்தி, வேலையால வந்திட்டீங்களோ? மேனுகா உங்களைக் கேட்டு அழுறா. என்ன சொல்லித் தேத்தட்டும்?"